படைவீரர் பக்கம்: நாடாளுமன்றக் குழுவுக்கு எதைக் கொடுப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதிப் பிள்ளைகளுக்கு 2026 கடைசியில் நான்கு ஆண்டு முடிகிறது. ராணுவத்தில் ஆள் சேர்க்கும் முறை பற்றியும், சேர்ந்தவர்கள் ஏன் நிலைக்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்பது பற்றியும் நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்டால் நம் கையில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பென்ஷன், ஸ்பர்ஷ் (பென்ஷன் இணையதளம்) கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.

ஐயா, என் மகன் அக்னிவீரராக இருக்கிறான். நான்கு வருஷம் கழித்து நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். என்னைப் போல இட்லிக் கடை நடத்துகிறவள் சொல்வதை நாடாளுமன்றம் கேட்குமா? எங்கே சொல்வது?
ஒரு தாய், வியாசர்பாடி

கேட்கும் அம்மா. எந்த வாசலில் போய் நிற்பது என்பதுதான் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்புத் துறைக்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு நிலைக்குழு உண்டு. இந்த மாதிரித் துறைவாரிக் குழுக்கள் 1993இல் ஆரம்பித்தவை. ஒவ்வொன்றிலும் 31 எம்.பி.க்கள், மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஆண்டுதோறும் ராணுவத்துக்கான பட்ஜெட் ஒதுக்கீட்டை அலசுவது அவர்கள் வேலை. அதோடு சில தலைப்புகளைத் தாங்களே எடுத்துக்கொண்டு விசாரிப்பார்கள். அப்படி எடுக்கும்போது, தேவை என்று பட்டால், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்காது. விளம்பரத்தைப் பார்த்த பிறகு பீரோவைக் குடைய ஆரம்பித்தால் காலம் போதாது. காகிதங்களை இப்போதே எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

விளம்பரம் வராவிட்டாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. அது மனுக்கள் குழு. ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கேட்டு முன்னாள் படைவீரர்கள் மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்குத்தான் போனார்கள். பகத் சிங் கோஷியாரி தலைமையில் இருந்த அந்தக் குழு அவர்களை நேரில் அழைத்துக் கேட்டு, 2011 டிசம்பரில் தனது 142ஆவது அறிக்கையில் கோரிக்கை நியாயம் என்று எழுதியது. அரசாணை 2015 நவம்பரில்தான் வந்தது. நடுவில் எத்தனையோ போராட்டங்கள். ஆனால் ‘நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கிறது’ என்று நீட்டிக் காட்ட அந்த அறிக்கை கையில் இருந்தது. இந்தக் குழு தனிப்பட்ட குறையையும், நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கையும் எடுத்துக்கொள்ளாது. ‘என் மகனுக்கு நிரந்தர வேலை வேண்டும்’ என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். ‘நான்கு ஆண்டு முடித்து வருகிறவர்களுக்கு இன்ன ஏற்பாடு வேண்டும்’ என்று எழுதினால் நிற்கும்.

சரி, என்ன எழுதுவது? திட்டத்தை அவர்களுக்கே விளக்க வேண்டாம். முதல் ஆண்டு மாதம் 30,000, நான்காம் ஆண்டு 40,000, அதில் 30 சதவீதம் பிடித்து அரசும் அதே அளவு போட்டுக் கடைசியில் சுமார் 11.71 லட்சம், பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். உங்களுக்கு மட்டும் தெரிந்தது எதுவோ அதை எழுதுங்கள். மகனை அனுப்பும் முன் வீட்டில் என்ன பேசினீர்கள்? அவன் எந்தப் படிப்பை விட்டுவிட்டுப் போனான்? மாதம் அனுப்புகிற பணத்தில் எது வட்டிக்குப் போகிறது, எது தங்கை படிப்புக்குப் போகிறது? ஊருக்கு வந்ததும் என்ன வேலைக்கு முயற்சி செய்வதாகச் சொல்கிறான்? இதில் ஒரு வரிகூட தில்லியில் எந்த ஃபைலிலும் கிடையாது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

சார், ராணுவ ஆள்சேர்ப்பு ரேலியில் ஓடி, மெடிக்கலும் முடித்து, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தேன். கொரோனா வந்தது, தேர்வே நடக்கவில்லை. 2022இல் வயசை 23 வரை தளர்த்தியபோது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் வேலைக்குப் போய்விட்டேன். இப்போது டெலிவரி ஓட்டுகிறேன். என்னிடமும் நண்பர்களிடமும் வாட்ஸ்ஆப்பில் நிறைய ஸ்கிரீன்ஷாட், வீடியோ இருக்கிறது. எல்லாம் ஆதாரம் ஆகுமா?
ஓர் இளைஞர், மேற்குத் தாம்பரம்

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2020-21, 2021-22 இரண்டு ஆண்டும் ராணுவத்தில் ஆள்சேர்ப்பு நின்றுபோனது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் அறிவிப்பு வந்ததும் பழைய முறையில் பாதியில் நின்றவை அப்படியே போயின. அதை எதிர்த்துப் போட்ட வழக்குகளில் 2023 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றமும் ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திட்டத்துக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னன. ஆக, உனக்கு வேலை கேட்கிற கடிதமாக இதை எழுதாதே. உன்னைப் போன்றவர்கள் அந்தக் காத்திருப்பில் எப்படிக் கைநழுவிப் போனார்கள் என்று காட்டுகிற சாட்சியாக எழுது. ஆள்சேர்ப்பு பற்றி விசாரிக்கிற குழுவுக்கு அது நிச்சயம் தேவை.

வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு எதுவும் ஆதாரம் ஆகாது. உன் பெயருக்கு வந்தது மட்டும்தான் ஆகும். அட்மிட் கார்டு, ரேலியில் கொடுத்த மெடிக்கல் சீட்டு, தேர்வு தள்ளிப்போனதாக உன் எண்ணுக்கு வந்த எஸ்எம்எஸ், ஈமெயில் இவற்றை முதலில் ஒதுக்கு. எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பிய எண்ணும் தேதியும் சேர்ந்து தெரிய வேண்டும். வெட்டாதே, மேலே வட்டம் போடாதே, சிவப்பு அம்புக்குறி போடாதே. எடுத்ததை எடுத்தபடி வை. மெடிக்கல் சீட்டில் பேனா எழுத்து மங்கியிருந்தால் வெயில் வெளிச்சத்தில் படம் எடுத்து இன்றைக்கே பிரிண்ட் போட்டுவிடு. அசலை யாருக்கும் அனுப்பாதே, நகல் போதும். ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிடு.

நீ அனுப்பிய மாதிரிக் கடிதம், ‘எங்கள் வாழ்க்கையோடு விளையாடிவிட்டார்கள், லட்சக்கணக்கான இளைஞர்கள் வீதிக்கு வந்துவிட்டோம்’ என்று தொடங்குகிறது. உன் வலி அதில் தெரிகிறது. ஆனால் படிக்கிற அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பார்:

‘என் பிறந்த தேதி இது. இன்ன மாதம் இன்ன ஊர் ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓடித் தேறினேன். மறுநாள் மெடிக்கலில் ஃபிட். சீட்டு நகல் இணைப்பு 1. எழுத்துத் தேர்வுக்கு அட்மிட் கார்டு வந்தது, இணைப்பு 2. இன்ன தேதியில் தேர்வு தள்ளிவைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது, இணைப்பு 3. அதற்குப் பிறகு எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம் என்று அந்த ஆண்டு ஐடிஐ சேர்க்கைக்குப் போகவில்லை. இன்ன மாதத்திலிருந்து டெலிவரி வேலை செய்கிறேன்.’

அவ்வளவுதான். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். கோபப்படுகிற வேலையைப் படிக்கிறவரிடம் விட்டுவிடு.

காத்திருப்பை நாள் கணக்கில் எழுதினால் அதன் எடையே வேறு. பிரிட்டன் ராணுவத்தில் ஆள்சேர்ப்பை 2012இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்த ஆரம்பித்தார்கள். அதை ஆராய்ந்த அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை 2018 டிசம்பரில் வந்தது. விண்ணப்பம் போட்டதிலிருந்து பயிற்சியில் சேர, பாதிப் பேருக்கு 321 நாள் வரை ஆகியிருக்கிறது என்று அதில் இருக்கிறது. 2017-18இல் விண்ணப்பித்தவர்களில் 47 சதவீதம் பேர் தாங்களாகவே நடுவில் விலகிவிட்டார்கள். அவர்கள் நாட்டு நிலைமை வேறு, நம்முடையது வேறு. அங்கே சேர ஆள் கிடைப்பதில்லை, இங்கே வரிசை முடிவதில்லை. ஆனாலும் 321 நாள் என்று ஓர் எண் வந்த பிறகு அங்கே யாராலும் பேச்சை மாற்ற முடியவில்லை. நீயும் உன் நண்பர்களும் ஆளுக்கொரு தாளில் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

நாங்கள் முன்னாள் படைவீரர்கள் சிலர் சேர்ந்து, வேலைக்காலம் இருந்தும் பாதியில் வந்துவிட்டவர்களிடம் காரணம் கேட்டுத் தொகுக்கப் போகிறோம். நாற்பது கேள்வியில் ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். சரியா?
ஓய்வுபெற்ற ஹவில்தார், ஆவடி

படிவம் பார்த்தேன் ஹவில்தார் சாஹிப். உழைத்திருக்கிறீர்கள். ஆனால் முதல் கேள்வியே ‘நீங்கள் விலகியதற்குக் காரணம்?’ என்று இருக்கிறது. அதற்கு வரப்போகிற பதில் எனக்கு இப்போதே தெரியும்.

நான் கிளார்க். சுபேதாராக வெளியே வரும்வரை யூனிட் ஆபீஸ் மேஜைதான் எனக்குப் போர்க்களம். டிஸ்சார்ஜ், அதாவது பணியிலிருந்து விடுவிப்பு கேட்டு வருகிற விண்ணப்பங்களை வாங்கி, சரிபார்த்து, மேலே அனுப்புகிற வேலை. காரணம் என்கிற இடத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றைத்தான் எழுதுவார்கள்: ‘குடும்பச் சூழ்நிலை’. வேறு எழுதினால் கேள்வி வரும், தாமதமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே இருப்பவர்களுக்கும் அது வசதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், வீட்டில் பிரச்சினை இருப்பதால்தான் ஆட்கள் போகிறார்கள், ராணுவத்தில் சரிசெய்ய எதுவும் இல்லை என்று கணக்கு வரும்.

நாயக் ராங்க்கில் இருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். பதினைந்து ஆண்டு முடித்து, பென்ஷன் தகுதி வந்த உடனே விண்ணப்பம் வைத்தார். நல்ல ஆள், இன்னும் இரண்டு ராங்க் பார்த்திருப்பார். காரணம், அதே குடும்பச் சூழ்நிலை. கையெழுத்துக்காக என் மேஜைப் பக்கத்து ஸ்டூலில் காத்திருந்தபோது மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பெண் ஒன்பதாவது போகிறாள். அதற்குள் நான்கு பள்ளி மாறிவிட்டாள். ஒரு ஊரில் இந்தி, ஒரு ஊரில் பஞ்சாபி, தமிழ் எழுதவே வரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பத்தாவது பரீட்சை வந்துவிடும். ஆக, அவரைத் துரத்தியது குவார்ட்டர்ஸ் வரிசையும் இட மாற்றத்தின் நேரமும். இரண்டுமே ராணுவம் நினைத்தால் சரிசெய்யக்கூடியவை. ஃபைலில் அது ஏறவே இல்லை.

நீங்கள் எடுக்க வேண்டியது ஸ்டூலில் உட்கார்ந்து சொன்ன அந்தப் பேச்சைத்தான். நாற்பது கேள்வியைக் கிழித்துவிட்டு ஆறேழு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். விலகலாம் என்று முதன்முதலில் தோன்றியது எப்போது, அந்த மாதம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஆரம்பியுங்கள். யாரிடம் முதலில் சொன்னீர்கள்? யாராவது இருக்கச் சொன்னார்களா, என்ன சொல்லி? எது ஒன்று மாறியிருந்தால் இருந்திருப்பீர்கள்? முடிந்தால் மனைவியையும் தனியாகக் கேளுங்கள். தேதிகள் அவர்களுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும். எந்த ஊரில் பிள்ளைக்கு அட்மிஷன் கிடைக்கவில்லை, எந்த மாதம் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், எப்போது லீவு கேட்டுக் கிடைக்கவில்லை என்று கோத்துச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் பட்டியலில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இன்னொன்று: எல்லாரும் விலகி வந்தவர்கள். இருந்து முழுக்காலம் முடித்தவர்களையும் அதே எண்ணிக்கையில் கேளுங்கள். அதே குவார்ட்டர்ஸ் வரிசை, அதே இட மாற்றம் அவர்களுக்கும் இருந்ததே, எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? ஒரு நல்ல கமாண்டிங் ஆபீசர் ஆறு மாதம் இட மாற்றத்தைத் தள்ளிவைத்தது காரணமாக இருக்கலாம். மனைவிக்கு ஆவடியிலேயே ஆசிரியை வேலை இருந்தது காரணமாக இருக்கலாம். அது தெரியாமல் விலகியவர்களின் கதையை மட்டும் கொடுத்தால், ‘மனக்குறை உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள்.

அக்னிவீரர்களுக்கு இதே படிவம் ஒத்துவராது. நான்கு ஆண்டு முடியும்முன் சொந்த விருப்பத்தில் வெளியே வர, மிக விதிவிலக்கான நேரம் தவிர, அனுமதி கிடையாது. அவர்களிடம் கேட்க வேண்டியது, நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்தாயா, ஏன், அல்லது ஏன் இல்லை என்பதுதான். அது தனித் தாள்.

என் கணவர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குழுவுக்கு அவர் எழுதலாமா?
ஒரு மனைவி, நந்தம்பாக்கம்

அவர் எழுத வேண்டாம் தங்கச்சி. இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். பணி சம்பந்தப்பட்ட விஷயத்தை அனுமதி இல்லாமல் வெளியிடவோ பத்திரிகைக்குத் தெரிவிக்கவோ கூடாது என்று 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 21ஆவது விதி இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவே படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அவருக்குக் குறை இருந்தால் ராணுவச் சட்டம் 26ஆவது பிரிவின்படி மேலதிகாரிக்கு முறையாக எழுதலாம். ஆபீசராக இருந்தால் 27. குழு விரும்பினால் அமைச்சகம் மூலமாகப் படையினரை அழைத்துக் கேட்டுக்கொள்ளும்.

நீங்கள் எழுதலாம். உங்கள் வாழ்க்கையை மட்டும் எழுதுங்கள்: வாடகை, பள்ளி, தனியாக இருந்த மாதங்கள், ஆஸ்பத்திரி அலைச்சல். யூனிட் பெயர், அவர் இருக்கும் இடம், போகப்போகும் இடம், எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று ஒரு சொல்கூட வரக்கூடாது. அவர் போனில் சொன்னதை ‘என் கணவர் சொன்னார்’ என்று எழுதவும் வேண்டாம்.

பிரிட்டனில் பெண் படையினரின் நிலை பற்றி நாடாளுமன்ற துணைக்குழு விசாரித்தபோது, பணியில் இருப்பவர்களும் தயங்காமல் எழுதலாம் என்று பாதுகாப்பு அமைச்சரே தடையை விலக்கினார். நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பதில் கொடுத்தார்கள். அறிக்கை 2021 ஜூலையில் வந்தது. இங்கும் அப்படி ஒரு விலக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை உங்கள் வீட்டுக்காரரின் வேலைக்கு ஆபத்து வரும்படி எதையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

அண்ணா, நான் அரசியல் அறிவியல் படிக்கிறேன். சென்னைப் பக்கத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எங்கே கிடைக்கும்?
மாணவி, திருவல்லிக்கேணி

முதலில் மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில், எம்.பி.க்களின் கேள்விகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்ன பதில்களைத் தேடு. பாதிக் கணக்கு அங்கேயே இருக்கும். இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம். துணை ராணுவப் படைகள் பலவற்றுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ராணுவத்துக்கு அந்த விலக்கு இல்லை. பத்து ரூபாய்தான் கட்டணம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்; பதிலுக்கு முப்பது நாள்.

‘ஏன் இவ்வளவு பேரை நிராகரித்தீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன சேர்க்கை ஆண்டில் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் பதிவு செய்தவர்கள், எழுத்துத் தேர்வில் தேறியவர்கள், உடல்தகுதியில் தேறியவர்கள், மெடிக்கலில் தேறியவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள், மாவட்டவாரியாக’ என்று கேள். ஏதாவது ஒரு படியில் எண்ணிக்கை சட்டென்று விழும். அந்தப் படியில்தான் உன் ஆராய்ச்சி இருக்கிறது. மொத்தக் காலியிடம், படைபலம் பற்றிக் கேட்டால் பாதுகாப்பைக் காட்டி மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதில் நேரத்தை விடாதே.

2025 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்று ஆகியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் சேர்த்துக் கேள். தமிழில் எழுத விட்டதால் நம் பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்களா என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. ரேலி அறிவிப்புத் தேதிகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டு.

குழு என்ன சொன்னாலும் அரசு கேட்டே ஆக வேண்டும் என்று இல்லையே? பிறகு எதற்கு இவ்வளவு பாடு? அப்படியே எழுதினாலும், நம் பெயர் வெளியே வருமா?
ஓய்வுபெற்றவர், பெரம்பூர்

கட்டாயம் இல்லைதான். ஆனால் பரிந்துரைக்கு மூன்று மாதத்தில் அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்றால் குழு அதன் மேல் இன்னோர் அறிக்கை வைக்கும். 2024 பிப்ரவரியில் இதே நிலைக்குழு, பணியில் உயிர்விடும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் பலன்கள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்று எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் நிலை அவர்கள் காதுக்கு எட்டியிருக்காவிட்டால் அந்த வரி வந்திருக்குமா? எட்ட வைக்கிற வேலை நம்முடையது.

பெயர் பற்றிய பயம் வேண்டாம். குழுவுக்கு அனுப்பியது அவர்களின் ஆவணமாகிவிடும், ரகசியமாக வைப்பார்கள். நேரில் சாட்சி சொல்ல அழைத்தாலும் கூட்டம் மூடிய அறையில்தான். அந்த ரகசியம் நம்மையும் கட்டும். அனுப்பிய மனுவை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது, நிருபரிடம் கொடுப்பது எதுவும் கூடாது. விளம்பரத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இரண்டு பிரதி கேட்பார்கள். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டதை அசலாக வைத்து, மொழிபெயர்ப்பிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் இணையுங்கள். புதுதில்லி நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் உள்ள மக்களவைச் செயலகத்துக்கு, பாதுகாப்பு நிலைக்குழு என்று குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வையுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் இந்த இதழ் முகவரிக்கு நகலை அனுப்புங்கள், நானே செய்து தருகிறேன்.